கொல்லைப்புறம்: சருகை எரிக்காதீர்கள்

ஆடி பிறந்ததும் கடிதங்கள் கூடிவிட்டன. விதை ஊன்றும் நேரம், சந்தேகம் வருவது நியாயம்தான். ஆனால் இந்த முறை பாதிக் கடிதங்களுக்கு மேல் ஒரே வருத்தம். இயற்கைத் தோட்டம் என்று தொடங்கினால் எதையாவது பை பையாக வாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறதாம். தேங்காய் நார்க் கட்டி, மண்புழு உரம், மட்க வைக்கும் பொடி, வளர்ச்சி ஊக்கி. ஒருவர் நான்கு தக்காளிச் செடிக்கு 1,800 ரூபாய் செலவழித்ததாக எழுதியிருக்கிறார். படித்ததும் எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது.

நான் 26 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். லால்குடியில் வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் கொல்லை, மாடியில் முப்பது தொட்டி. போன வருடம் முழுக்கத் தோட்டத்துக்கென்று நான் காசு கொடுத்து வாங்கியது ஐந்து கிலோ வேப்பம்பிண்ணாக்கு, அரை லிட்டர் வேப்பெண்ணெய், ஒரு கிலோ வெல்லம், அவ்வளவுதான். மீதி எல்லாம் தெருவிலும் அடுப்படியிலும் கிடைத்தவை. அதனால் இந்த இதழில் செலவு சம்பந்தப்பட்ட கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அம்மா, காய்கறிக் கழிவை வாளியில் போட்டு மட்க வைக்கிறேன். மூன்று வாரத்தில் கறுப்புத் தண்ணீர் தேங்கி நாற்றம் தாங்கவில்லை. பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருகிறார்கள். மட்க வைக்கும் பொடி இரண்டு பாக்கெட் வாங்கிப் போட்டும் சரியாகவில்லை. (வாசகி, அம்பத்தூர்)

இனிமேல் பொடி வாங்காதீர்கள். உங்கள் வாளியில் இல்லாதது சருகு.

மட்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குக் கரியும் (கார்பன்) வேண்டும், தழைச்சத்தும் (நைட்ரஜன்) வேண்டும். கரி 25 முதல் 30 பங்கு, தழைச்சத்து ஒரு பங்கு என்ற அளவில் இருந்தால் அவை ஒழுங்காக வேலை செய்யும். காய்கறித் தோலில் கரி பதினைந்து இருபது பங்குதான் இருக்கும், அதோடு முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர். காய்ந்த இலையில் கரி ஐம்பது அறுபது பங்கு இருக்கும். தோலை மட்டும் போட்டால் தண்ணீர் விட்டு அமுங்கிக் காற்று போக வழியில்லாமல் அழுகும். அந்த அழுகல்தான் உங்கள் வாளியில் நாறுகிறது. மட்குகிற பொருள் நாறாது, முதல் மழை விழுந்த மண் மாதிரி வாசம் வரும்.

என் வாளி எப்படி என்று சொல்கிறேன். 20 லிட்டர் பெயின்ட் வாளி. கம்பியைச் சுட்டு அடியில் பத்து ஓட்டை, பக்கவாட்டில் சுற்றி முப்பது நாற்பது ஓட்டை. இரண்டு செங்கல் மேல் நிற்கும், அடியில் ஒரு பழைய தட்டு. உள்ளே முதலில் தேங்காய் மட்டையைப் பிய்த்துப் போட்ட நார் நான்கு விரல் கனம். அதன் மேல் சருகு. பிறகு தினமும் ஒரு கை கழிவுக்கு இரண்டு கை சருகு. கழிவைப் பொடியாக நறுக்கிப் போடுவேன், சருகைக் கையால் நொறுக்கிப் போடுவேன். எப்போதும் மேலே தெரிவது சருகாகத்தான் இருக்க வேண்டும், கழிவு கண்ணில் படக் கூடாது. ஈ வராமல் இருப்பதற்கு இதுதான் வழி. வாரம் ஒரு முறை குச்சியால் கிளறிவிடுவேன். முதல் தடவை மட்டும் கொல்லை மண் இரண்டு கை போட்டேன். பொடி பாக்கெட்டில் விற்கிற நுண்ணுயிர்கள் அந்த மண்ணிலேயே உண்டு. அடுத்த வாளிக்கு முந்தைய வாளியின் உரத்தில் ஒரு கை போதும்.

இப்போது கையில் இருக்கிற வாளியைக் கொட்டிவிடாதீர்கள். பழைய பேப்பரை விரித்து நிழலில் பரப்புங்கள், அரை நாள் ஆறட்டும். இரண்டு பங்கு சருகு கலந்து திரும்ப வாளியில் போடுங்கள். மூன்று நாளில் நாற்றம் நின்றுவிடும். ஈரம் எவ்வளவு வேண்டும் என்றால், பிழிந்து வைத்த இட்லித் துணி எப்படி இருக்குமோ அப்படி. கையில் எடுத்து அழுத்தினால் விரலிடுக்கில் ஈரம் தெரியலாம், சொட்டக் கூடாது. சோறு, எண்ணெய்க் குழம்பு, மீன் முள் எதுவும் வாளியில் வேண்டாம். இரண்டரை மூன்று மாதத்தில் சலித்து எடுக்கலாம்.

அது பக்குவம் ஆயிற்றா என்று தெரிய ஒரு கொட்டாங்குச்சியில் அந்த உரத்தை நிரப்பிப் பத்து வெந்தயம் தூவுங்கள். நான்கைந்து நாளில் குறைந்தது எட்டு முளைத்து இலை பச்சையாக வந்தால் செடிக்குப் போடலாம். முளைக்காமலோ, முளைத்து நுனி கருகியோ போனால் இன்னும் இருபது நாள் மூடி வையுங்கள்.

அம்பத்தூரில் சருகுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

கேள்வி: எரு கலந்த தொட்டிகளில் கட்டைவிரல் கனத்துக்கு வெள்ளைப் புழுக்கள். மண்புழு போல நல்லது செய்யும் என்று விட்டுவைத்தேன். செடிகள் வாடுகின்றன. (வாசகர், புதுக்கோட்டை)

ஐயா, இன்றைக்கே தொட்டியைக் கவிழ்த்துப் பொறுக்கிவிடுங்கள். வெள்ளை உடம்பு, காப்பிக்கொட்டை நிறத் தலை, கையில் எடுத்தால் பிறை மாதிரி சுருண்டுகொள்ளும் என்றால் அது வண்டின் புழு. எருக்குழியில் அதிகமாக இருப்பது காண்டாமிருக வண்டின் புழு. அது மட்குகிற பொருளைத்தான் தின்னும், ஆனால் வளர்ந்து வண்டானால் தென்னங்குருத்தைக் குடைந்துவிடும். அதே சாயலில் வேரைத் தின்கிற வெள்ளைப்புழுவும் உண்டு. நமக்கு இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. இரண்டையும் கோழிக்குப் போடுங்கள்.

சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில், தட்டையாக, வரி வரியாக, அரிசியை விடப் பெரிதாக நெளிகிற புழு வேறு. அது கறுப்பு ஈயின் புழு. கழிவு வாளியில் இருந்தால் வேகமாக மட்க வைக்கும், செடியைத் தொடாது. அதைப் பார்த்துப் பயந்து வாளியையே தூக்கிப் போட்டவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர்.

புழு வந்த காரணம், பாதி மட்கிய சாணம். அடுத்த முறை எரு வாங்கினால் வெயிலில் பரப்பிச் சலித்த பிறகே தொட்டிக்குப் போடுங்கள். சாணம் என்று அடையாளம் தெரிகிற எதுவும் இன்னும் எரு ஆகவில்லை.

கேள்வி: முட்டை ஓடு, வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், டீத்தூள்... இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா? முட்டை ஓடு தூவியும் என் தக்காளி அடியில் கறுத்துப் போகிறது. (கல்லூரி மாணவர், கோவை)

தம்பி, முட்டை ஓடு சுண்ணாம்புச்சத்துதான், பொய்யில்லை. ஆனால் அது மண்ணில் கரைய மாதக்கணக்கு, சில சமயம் வருடக்கணக்கு ஆகும். உங்கள் ஊர்ப் பக்கம் பல இடங்களில் மண்ணிலேயே சுண்ணாம்பு அதிகம், அங்கே இன்னும் மெதுவாகக் கரையும். கொஞ்சம் மண்ணில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் ஓடே தேவையில்லை.

தக்காளி அடி கறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தண்ணீர். இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் தொட்டி வழிய ஊற்றினால், மண்ணில் சுண்ணாம்புச்சத்து இருந்தும் காய்க்குப் போய்ச் சேராது. தினமும் ஒரே அளவு ஊற்றுங்கள், தொட்டி மேல் மூன்று விரல் கனம் சருகு போட்டு மூடுங்கள். அடுத்த கொத்துக் காய் நன்றாக வரும்.

வாழைத்தோலில் சாம்பல்சத்து (பொட்டாஷ்) உண்டு. ஊறவைத்த தண்ணீரில் கொஞ்சம்தான் இறங்கும், கொசுவும் வரும். தோலை நறுக்கி வாளியிலேயே போட்டுவிடுங்கள். டீத்தூளைப் பாலும் சர்க்கரையும் போக அலசிப் போடுங்கள், இல்லையென்றால் எறும்பு வரும்.

கேள்வி: எங்கள் வீட்டு மண் கடும் களி. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும், மழையில் குழம்பாகும். போர்த் தண்ணீரும் உப்பு. இரண்டு டிராக்டர் செம்மண் அடிக்கச் சொல்கிறார்கள். அவ்வளவு வசதி இல்லை. (வாசகி, திருத்துறைப்பூண்டி)

சகோதரி, செம்மண் அடிக்க வேண்டாம். இந்தக் கேள்விக்கு நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். லால்குடியும் வாய்க்கால் பாசன ஊர்தான். எங்கள் கொல்லை நெல் வயலாக இருந்து மனையான இடம். வந்த புதிதில் களியை இளக்க ஒரு வண்டி ஆற்று மணல் வாங்கிக் கொட்டிக் கொத்தினோம். அந்தக் கோடையில் மண் செங்கல் மாதிரி இறுகிவிட்டது, மண்வெட்டியின் காம்பு உடைந்தது. களியோடு கொஞ்சம் மணல் சேர்ந்தால் இளகாது, இறுகத்தான் செய்யும். களியை இளக்குவது மட்கு ஒன்றுதான். மட்கு களித் துகள்களைப் பொருபொருவென்று சின்ன உருண்டைகளாகச் சேர்த்துப் பிடிக்கும், நடுவில் காற்றும் தண்ணீரும் போக இடம் கிடைக்கும்.

முதலில் உங்கள் மண்ணில் களி எவ்வளவு என்று பாருங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் தங்குவது மணல். இரண்டு மணி நேரத்துக்குள் அதன் மேல் படிவது வண்டல். ஒரு நாள் கழித்தும் கலங்கி நின்று மெல்லப் படிவது களி. மூன்று அடுக்கும் கண்ணுக்குத் தெரியும்.

அப்புறம் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரச் செடியை விதைத்துவிடுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ கணக்கு, ஒரு சென்டுக்கு 200 கிராம் போதும். களியையும் தண்ணீர் தேங்குவதையும் அது தாங்கும், ஓரளவு உப்பையும் தாங்கும். வேர் முடிச்சில் காற்றிலிருந்து தழைச்சத்தைச் சேர்த்து வைக்கும். 45 நாளில், பூ எடுக்கிற சமயத்தில் வெட்டி அதே இடத்தில் மண்ணோடு மடித்துவிடுங்கள். தண்டு முற்றவிட்டால் மட்க நாளாகும். பதினைந்து நாள் பொறுத்துக் காய்கறி நடலாம். நம் பாட்டன்கள் நடவுக்கு முன்னால் வயலுக்குச் செய்ததுதான் இது. கொளுஞ்சியும் சணப்பையும் அதற்குத்தான் வைத்திருந்தார்கள்.

உங்கள் பக்கம் அரிசி ஆலை இருக்கும். உமி கேளுங்கள். சீக்கிரம் மட்காது, அந்தக் குணமே களிக்கு உதவும். ஆலையில் எரித்து மிஞ்சிய உமிக்கரி கறுப்பாக இருந்தால் அதையும் வாங்கிப் போடலாம். வெள்ளையாக நீறிப்போனது வேண்டாம்.

உப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஜிப்சம் போட்டால் உப்பு போகும் என்று யாராவது சொன்னால் உடனே மூட்டை வாங்காதீர்கள். நிலம் களராக, அதாவது சோடியம் சேர்ந்து காரமாக இருந்தால்தான் ஜிப்சம் பலன் தரும். உவராக இருந்தால், அதாவது காயும்போது மேலே வெள்ளைப் பூத்து நின்றால், ஜிப்சம் வீண். உவரை நல்ல தண்ணீர்தான் கழுவ வேண்டும். களரா உவரா என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு கை மண்ணை அள்ளிக்கொண்டு போகாமல், நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம் தோண்டி எடுத்துக் கலந்து அரை கிலோ கொண்டு போங்கள்.

உவர் என்று வந்தால் ஐப்பசி மழைக்கு முன்னால் முழ உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டு வையுங்கள். மழை உப்பைக் கீழே கொண்டுபோய்விடும். பாத்தி மேல் சருகு மூடியே இருக்கட்டும். வெயில் நேராக மண்ணில் பட்டால் ஈரம் மேலே ஏறும்போது உப்பும் கூடவே ஏறும். பீன்ஸ் உங்களுக்கு வராது, ஆசைப்பட வேண்டாம். கொத்தவரை வரும்.

கேள்வி: பஞ்சகவ்யம் செய்ய நெய், பால், தயிர், இளநீர் எல்லாம் சேர்த்துப் பட்ஜெட் தாண்டுகிறது. விற்பதும் விலை அதிகம். இது இல்லாமல் இயற்கைத் தோட்டம் முடியாதா? (வாசகி, அரவக்குறிச்சி)

தாராளமாக முடியும். கொடுமுடி மருத்துவர் நடராஜன் பரவலாக்கிய முறையில் 7 கிலோ சாணம், 1 கிலோ நெய், 10 லிட்டர் கோமியம், 3 லிட்டர் பால், 2 லிட்டர் தயிர், 3 லிட்டர் இளநீர், 3 கிலோ வெல்லம், 12 பூவன் பழம் என்று போகும், ஒரு மாதம் ஆகும். வயலுக்கான அளவு அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கிறோம். இருபது தொட்டி வைத்திருப்பவருக்கு மாதம் ஒரு டம்ளர் கூடச் செலவாகாது. அதற்காக ஒரு கிலோ நெய்யைச் சாணத்தில் ஊற்ற வேண்டியதில்லை. குழந்தைகள் உள்ள வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். நெய்யை அவர்களுக்குப் போடுங்கள்.

நான் செய்வது ஜீவாமிர்தம். 200 லிட்டர் கணக்கைப் பத்து லிட்டர் வாளிக்குச் சுருக்கினால் அரை கிலோ புதுச் சாணம், அரை லிட்டர் கோமியம், 100 கிராம் வெல்லம், 100 கிராம் பயறு மாவு, ஒரு கை மரத்தடி மண், மீதி தண்ணீர். கடலை மாவுதான் என்று இல்லை. கொள்ளு, தட்டைப்பயறு, வண்டு விழுந்த உளுந்து எதுவும் ஆகும். வெல்லமும் மழையில் கசிந்து கறுத்தது போதும். நிழலில் வைத்துக் காலையும் மாலையும் கிளறுங்கள். 48 மணி நேரத்தில் தயார். ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றலாம். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். பறிக்கப்போகிற கீரை மேல் தெளிக்காதீர்கள். பச்சைச் சாணம் கலந்தது, மண்ணுக்கு மட்டும் போகட்டும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பஞ்சகவ்யமோ ஜீவாமிர்தமோ, அதிலிருக்கிற உரச்சத்து கொஞ்சம்தான். நுண்ணுயிர்கள் பெருக அது ஒரு உறைமோர் மாதிரி. பால் இல்லாத பாத்திரத்தில் உறை ஊற்றினால் தயிர் ஆகுமா? மண்ணில் சருகும் எருவும் இருந்தால்தான் அந்த நுண்ணுயிர்களுக்கு வேலை. வெறும் செம்மண் தொட்டியில் வாராவாரம் கரைசல் ஊற்றி, ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் என் பதில் இதுதான்.

மாடு இல்லாத நகரத்து வாசகர்கள் புளித்த மோரைப் பத்து மடங்கு தண்ணீரில் கலந்து ஊற்றலாம். மீன் கடைக்காரர் தெரிந்தவரென்றால் மீன் கழிவும் அதே எடை வெல்லமும் ஒரு ஜாடியில் மூடி நாற்பது நாள் வைத்து எடுக்கலாம். லிட்டருக்கு 5 மில்லி போதும், அதிகம் வேண்டாம்.

கேள்வி: விறகடுப்புச் சாம்பல் நிறைய மிஞ்சுகிறது. எல்லாச் செடிக்கும் போடலாமா? (வாசகி, செந்துறை)

கொஞ்சமாகப் போடலாம். சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் நிறைய உண்டு, கூடவே காரத்தன்மையும் உண்டு. தொட்டிக்கு மாதம் ஒரு கரண்டி, வாழைக்கு இரண்டு கை. கறிவேப்பிலைக்குப் போடாதீர்கள். மண் காரமானால் இரும்புச்சத்தை அதனால் எடுக்க முடியாது, இலை நரம்பு மட்டும் பச்சையாக நின்று மீதி வெளுத்துப்போகும். சாணத்தோடும் கோமியத்தோடும் சாம்பலைக் கலக்க வேண்டாம், தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். அவரையில் அசுவினி அப்பினால் விடியற்காலையில் பனி ஈரம் இருக்கும்போது சலித்த சாம்பலைத் தூவுங்கள். எங்கள் அம்மா அதைத் தவிர வேறு மருந்து போட்டு நான் பார்த்ததில்லை.

கேள்வி: வாராவாரம் கடலைப்பிண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். செம்பருத்தி, பப்பாளி எல்லாம் தளதளவென்று வளர்கின்றன, ஆனால் மாவுப்பூச்சி விடவில்லை. கடையில் கொடுத்த மருந்து அடித்ததும் இன்னும் அதிகமாகிவிட்டது. (வாசகர், பவானி)

ஐயா, தளதளப்புக்கும் பூச்சிக்கும் தொடர்பு உண்டு. கடலைப்பிண்ணாக்கில் தழைச்சத்து சுமார் 7 சதவீதம். வாராவாரம் ஊற்றினால் குருத்து இளசாக, சாறு நிறைந்து ஓடும். சாறு உறிஞ்சுகிற பூச்சிக்கு விருந்து வைத்த மாதிரிதான். மாதம் ஒரு முறைக்குக் குறையுங்கள், விலைக்கும் நல்லது. வேப்பம்பிண்ணாக்கு தொட்டிக்கு ஒரு கைப்பிடி மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். வேரில் முடிச்சு போடுகிற நூற்புழுவையும் அது அடக்கும்.

மருந்து அடித்ததும் பூச்சி ஏன் கூடியது? உங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தக் கதை தெரியும். 2008ல் கோவையில் பப்பாளி மாவுப்பூச்சியை முதலில் பார்த்தார்கள். மெக்சிகோ பக்கத்துப் பூச்சி. இரண்டே வருடத்தில் ஈரோடு, திருப்பூர், சேலம் என்று பரவிப் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. மருந்து மேல் மருந்து அடித்தும் கேட்கவில்லை. மாவு போன்ற மெழுகுப் போர்வைக்குள் மருந்து சரியாக இறங்குவதில்லை. கடைசியில் 2010ல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து அதன் எதிரியான ஒட்டுண்ணிக் குளவிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. அவை மாவுப்பூச்சிக்குள் முட்டை வைத்து அதை உள்ளிருந்தே முடித்தன. சில மாதங்களில் வயல்கள் மீண்டன. கடுமையான மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவியும் பொறிவண்டும்தான்.

அதனால் மருந்தை நிறுத்துங்கள். மோசமான கிளையை வெட்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழாயில் விரலை வைத்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள், பாதி உதிர்ந்துவிடும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்பு கரைத்துச் சாயங்காலத்தில் பூச்சி உள்ள இடத்தில் மட்டும் தெளியுங்கள். எறும்பு ஏறாமல் பாருங்கள். மாவுப்பூச்சி கழிக்கிற தேனுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பு நின்றால் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: வாடகை வீடு. ஐந்துக்கு நான்கு அடி பால்கனி. 500 ரூபாய்க்குள் தொடங்க முடியுமா அக்கா? (வாசகி, மதுரை)

முடியும் தங்கச்சி. தொட்டி வாங்காதீர்கள். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்து எடுத்து வாயைப் பாதி வரை மடக்கி அடியில் ஓட்டை போடுங்கள். மண் இரண்டு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, உமியோ கழுவிய நாரோ ஒரு பங்கு. நார்க் கட்டி வாங்கினால் கட்டாயம் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். வெறும் மண்ணாக நிரப்பாதீர்கள். ஈரமான மண் ஒரு கன அடிக்கு 45 கிலோவுக்கு மேல் கனக்கும், பால்கனிக்கு அது நல்லதில்லை.

சிப்பத்தை முழுதாக நிரப்பாமல் அடியில் நான்கில் ஒரு பங்கு சருகை அமுக்கிப் போடுங்கள். மண் மிச்சம், கனம் குறைவு, ஆறு மாதத்தில் அதுவே எரு.

விதை அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. வெந்தயம், கொத்தமல்லி (உருட்டி இரண்டாக உடைத்தது), கடுகு. கீரைக்கட்டில் பொன்னாங்கண்ணித் தண்டும் புதினாத் தண்டும் ஒடித்து ஊன்றினால் வரும். நாட்டுத் தக்காளி ஒன்றைப் பிழிந்து விதையைச் சாம்பலில் உலர்த்துங்கள். 500 ரூபாயில் எருவுக்கும் ஒரு பூவாளிக்கும் போக மிச்சம் இருக்கும். முதல் மூன்று மாதம் கீரை மட்டும் போடுங்கள். இருபத்தைந்து நாளில் பறித்துச் சமைத்துவிட்டால் கைக்கு நம்பிக்கை வந்துவிடும், கத்தரிக்காயெல்லாம் அதற்கப்புறம்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் சருகு என்கிறீர்கள். எங்கள் தெருவில் கூட்டி உடனே கொளுத்திவிடுகிறார்கள். எப்படிக் கேட்பது? புகார் கொடுக்கலாமா? (வாசகர், பெரம்பலூர்)

சட்டம் உங்கள் பக்கம்தான். 2016 டிசம்பரில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரிக்கத் தடை போட்டு, சாதாரணமாக எரித்தால் 5,000 ரூபாய் அபராதம் என்றது. ஆனால் கூட்டுகிற அம்மாவிடம் அதைச் சொல்லாதீர்கள். அவர் ஏன் கொளுத்துகிறார்? அள்ளிக்கொண்டு போக வண்டி இல்லை, அள்ளினாலும் கொட்ட இடம் இல்லை. நாம் அள்ளிக்கொண்டால் அவருக்கு வேலை மிச்சம்.

எங்கள் தெருவில் மூன்று புங்கை, ஒரு வாகை, கோயில் வாசலில் அரசு. மாசி, பங்குனியில் கொட்டோ கொட்டென்று கொட்டும். நான் நாலு பழைய சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "எல்லாத்தையும் எடுத்துக்கோங்கம்மா, எனக்குக் குனியற வேலை மிச்சம்" என்றார். பதினோரு வருடமாக அவர்தான் எனக்குச் சருகு தருகிறார். கொல்லையில் காய்க்கிற முதல் கத்தரியும் வெண்டையும் அவர் வீட்டுக்குப் போகும். பங்குனியில் சேர்த்த பதினெட்டு இருபது சாக்கு, மொட்டை மாடிப் படிக்கட்டுக்கு அடியில் அடுக்கி வைத்தால் அடுத்த தை வரை வருகிறது.

புங்கை, வேம்பு, அரசு, மா எதுவும் ஆகும். தைல மரத்து இலை வேண்டாம், மட்க நாளாகும், இளஞ்செடிக்கும் ஒத்துக்கொள்ளாது. பிளாஸ்டிக்கையும் ஊசி நூலையும் அங்கேயே பொறுக்கிவிடுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு பொறுக்க முடியாது. சாக்கில் அமுக்கும்போது சருகு நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரமாகக் கட்டினால் பூசணம் பிடித்துத் தும்மல் வரும். மூக்கில் துணி கட்டிக்கொண்டு நொறுக்குங்கள்.

உங்கள் ஊரில் எத்தனை மணிக்குக் கூட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஆறே காலுக்குக் குவிப்பார், ஏழு மணிக்குத் தீப்பெட்டி எடுப்பார். நான் ஆறரைக்கே போய் நின்றுவிடுவேன்.